டிரம்மருக்காக மட்டும் வாங்கலாமா? சில மெட்டல் ஆல்பங்கள், ஒரு விமர்சனம்

மெட்டல் ஆல்பம் விமர்சனம் என்றால் கிட்டாருக்கு நாலு பத்தி, பாடகருக்கு இரண்டு பத்தி, கடைசியில் டிரம்மரும் வெளுத்து வாங்கியிருக்கிறார் என்று ஒரு வரி, அத்தோடு முடிந்துவிடும். இங்கே தலைகீழ். எனக்குப் பிடித்த டிரம்மர்கள் வாசித்த சில ஆல்பங்களை எடுத்துக்கொண்டு, டிரம்ஸை மட்டும் வைத்து, அவை காசு கொடுத்து வாங்கத் தகுந்தவையா என்று சொல்லப் போகிறேன். பாடல் வரி, அட்டைப் படம், கிட்டார் சோலோ எதுவும் கணக்கில் வராது.

வேகத்துக்கும் தனி மதிப்பெண் கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு அறையில் உட்கார்ந்து வீடியோ போடும் பையன்களில் பலர் இன்று எண்பதுகளின் ஜாம்பவான்களை விட வேகமாக அடிக்கிறார்கள். பெரிய உழைப்புதான், மறுக்கவில்லை, ஆனால் அதற்காக யாரும் ஓர் ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. என் சோதனை வேறு: இந்த ஆளை எழுப்பிவிட்டு அதே ஸ்டூலில் இன்னொரு கெட்டிக்காரரை உட்கார வைத்தால் பாட்டு அதே பாட்டாக இருக்குமா? மெட்டலில் ஒரு வசதி, இதைக் கற்பனை செய்து பார்க்க வேண்டியதில்லை. சண்டை, உடல்நலம், சலிப்பு என்று ஏதாவது ஒரு காரணத்தால் இசைக்குழுக்களில் டிரம்மர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்து முடிவும் ஆல்பமாக வெளிவந்திருக்கிறது, நாம் போட்டுக் கேட்டால் போதும்.

முதலில் ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’. 1986 அக்டோபரில் வந்தது, பத்துப் பாட்டு, எல்லாம் சேர்த்து 29 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டேவ் லொம்பார்டோ கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர், இதை வாசித்தபோது அவருக்கு வயது 21. தயாரிப்பாளர் ரிக் ரூபின் அதுவரை ஹிப்-ஹாப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அதனாலோ என்னவோ அன்றைய திராஷ் (அதிவேக மெட்டல்) ஆல்பங்களில் எல்லாக் கருவிக்கும் மேலே பூசி வைத்திருந்த எதிரொலியைச் சுத்தமாக வழித்து எடுத்துவிட்டார். இவ்வளவு வேகமான இசையில் எதிரொலி இருந்தால் ஒரு அடியின் வால் அடுத்த அடியின் தலையில் ஏறிவிடும், எல்லாம் குழம்பிப் போகும். இங்கே ஒவ்வொரு அடியும் காய்ந்து, தனியாக, முகத்துக்கு நேராக வருகிறது. டிரம்ஸ் கேட்க விரும்புகிறவருக்கு இந்த ஒன்றே போதும் என்று சொல்வேன்.

‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ பாட்டின் பிற்பகுதியில் மற்ற எல்லாரும் நிறுத்திவிட, லொம்பார்டோவின் இரண்டு கால்கள் மட்டும், பெடலை மிதித்து அடிக்கும் கிக் டிரம்மில் சில நொடி தனியாக ஓடும். டபுள் கிக் என்றாலே எல்லாரும் சொல்வது இந்த இடத்தைத்தான். எனக்கு அதைவிட அவருடைய ஃபில்கள், அதாவது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே இடத்தை நிரப்பும் உருட்டல்கள், பிடிக்கும். ஒரு ஃபில்லை எப்போது ஆரம்பிக்க வேண்டுமோ அதற்குக் கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்து, இனி எப்படி வந்து சேருவார் என்று நமக்குப் பதற்றம் வரும் நேரத்தில் டாம் டிரம்கள் மேல் உருண்டு இறங்கி, சரியான இடத்தில் சிம்பலை அறைவார். முழு ஆல்பமும் முன்னால் சாய்ந்து ஓடுவது போன்ற உணர்வுக்குக் காரணம் கிட்டார்கள் இல்லை, இவர்தான். அவர் போன பிறகு பால் போஸ்டாஃப் வந்தார். போஸ்டாஃப் மோசமான டிரம்மர் இல்லை, கேட்டால் இவர்தான் சுத்தமாக வாசிக்கிறவர் என்றுகூடச் சொல்லலாம், 1994-இல் வந்த ‘டிவைன் இன்டர்வென்ஷன்’ அதற்குச் சாட்சி. ஆனால் அங்கே எல்லாம் கோட்டின் மேல் சரியாக நிற்கிறது, அந்தச் சாய்வு இல்லை. ‘ரெய்ன் இன் பிளட்’ வாங்கலாமா? கேள்வியே வேண்டாம். லைவ் ஆல்பம்தான் பிடிக்கும் என்பவர்கள் 1991-இன் ‘டிகேட் ஆஃப் அக்ரெஷன்’ எடுக்கலாம், அதிலும் லொம்பார்டோதான்.

அப்புறம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள், 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. பில் வார்ட் ஜாஸ் டிரம்மர் ஜீன் குரூப்பாவைக் கேட்டு வளர்ந்தவர், அது ஒவ்வொரு பாட்டிலும் தெரியும். கனமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) என்றால் கனமாகவே அடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை, ரிஃப் நிற்கும் இடத்தில் இவர் பேசுவார், ரிஃப் பேசும்போது ஆடிக்கொண்டிருப்பார். பின்னால் வந்த டூம் மெட்டல் (மெதுவான, கனமான மெட்டல்) ஆட்கள் அந்த ரிஃப்களை எடுத்துக்கொண்டார்கள், இந்த ஆட்டத்தை விட்டுவிட்டார்கள், அதனால்தான் அவர்களில் பாதிப் பேரைக் கேட்டால் தூக்கம் வருகிறது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமில் நடந்த கடைசிக் கச்சேரியில் வார்டும் வந்து வாசித்தார், குழுவின் முதல் நால்வரும் ஒரே மேடையில். ஒலிப்பதிவைப் பொறுத்தவரை முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும், ஒரு நாள் வேலை என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும்.

அயர்ன் மெய்டன் ரசிகர்களிடம் ஒரு பழைய சண்டை உண்டு: கிளைவ் பர்ரா, நிக்கோ மெக்பிரெய்னா? 1982-இன் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ பர் வாசித்தது, ‘ரன் டு தி ஹில்ஸ்’ பாட்டின் தொடக்கத்தைக் கேட்டாலே அவருடைய துள்ளல் புரிந்துவிடும். அடுத்த வருடம் வந்த ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ நிக்கோவின் முதல் ஆல்பம். முதல் பாட்டு ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ டிரம் ஃபில்லோடுதான் ஆரம்பிக்கிறது, புது ஆளை இதைவிட நன்றாக யாரும் அறிமுகப்படுத்தியதில்லை. அதற்கப்புறம் அந்தப் பாட்டு முழுக்க அவர் கிக் டிரம்மில் செய்யும் வேலையைக் கேட்டால் இரண்டு கால் என்று சத்தியம் செய்வீர்கள். ஒரு கால்தான். ஒரே பெடல், வலது கால். மெய்டனில் ஏறக்குறைய முழு வாழ்க்கையையும் அவர் ஒற்றைப் பெடலிலேயே ஓட்டினார், 2003-இல் ‘ஃபேஸ் இன் தி சாண்ட்’ என்ற ஒரு பாட்டுக்கு மட்டும் டபுள் பெடல் எடுத்தார். இரண்டு கால் இருந்தால் அடிகளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஒரு காலுக்கு அந்த வசதி கிடையாது, தொடையும் கணுக்காலும் மாறி மாறி உழைக்க வேண்டும். ஆனால் அதனால் ஒரு லாபமும் உண்டு: எல்லா அடியும் ஒரே காலிலிருந்து வருவதால் அடிகளுக்கு ஒரே குணம், ஒரே எடை. 2023 ஜனவரியில் பக்கவாதம் தாக்கி ஒரு பக்கம் செயலிழந்தும் அதே வருடம் சுற்றுப்பயணத்துக்குத் திரும்பினார், 2024 டிசம்பர் 7 அன்று சாவ் பாவ்லோ கச்சேரியோடு மேடைப் பயணத்தை முடித்துக்கொண்டார். பர், நிக்கோ சண்டையில் என் பக்கம்: இரண்டும் வேறு இசைக்குழு. பர் இருந்தபோது பாட்டுகள் குத்தின, நிக்கோ வந்ததும் நீண்டன. இரண்டு ஆல்பத்தையும் வாங்குங்கள், ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்க முடியாது.

டபுள் கிக் பேச்சு வந்ததால் ஒரு சின்ன விளக்கம், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். முன்பெல்லாம் இரண்டு கிக் டிரம்களை அருகருகே வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் போடுவார்கள். மோட்டார்ஹெட்டின் ஃபில் டெய்லர் 1979-இல் ‘ஓவர்கில்’ பாட்டில் அடித்தது அப்படித்தான், அந்தப் பாட்டு முழுக்க நிற்காமல் ஓடும் கால்கள் பின்னால் வந்த மொத்தத் திராஷ் தலைமுறைக்கும் பாடப் புத்தகம். இப்போது பெரும்பாலும் ஒரே கிக் டிரம், அதன்மேல் இரண்டு சுத்தியல், இடது கால் பெடலை ஒரு நீளக் கம்பி வலது பக்கத்தோடு இணைத்திருக்கும். ஒரே டிரம் என்பதால் இரண்டு காலின் ஓசையும் ஒத்துப் போகும், மேடையில் இடமும் மிச்சம். பார்க்க மட்டும் இரண்டு டிரம் இருந்தால்தான் கம்பீரம், அதனால் சிலர் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடம், டெத் என்ற இசைக்குழு. என் சோதனைக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. பாட்டு எழுதுவது, குரல் எல்லாம் சக் ஷுல்டினர் ஒருவர்தான், ஆனால் 1991 முதல் 1998 வரை வந்த நான்கு ஆல்பங்களில் மூன்று டிரம்மர்கள். 1991-இன் ‘ஹ்யூமன்’ ஆல்பத்தில் ஷான் ரைனர்ட். அப்போது அவருக்கு இருபது வயதுதான், சினிக் என்ற குழுவிலிருந்து வந்தவர், காதில் ஜாஸ் ஃப்யூஷன். அதற்கு முந்தைய டெத் ஆல்பங்களில் டிரம்ஸ் ரிஃப்புக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, இவர் வந்ததும் ரிஃப்புக்குள் புகுந்துவிட்டார். கால் நிற்காமல் ஓடும்போதே கைகள் சிம்பல்கள் மேல் தங்களுக்குள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும், அதுவும் சத்தமில்லாமல். ஒரு சின்னக் குறை, பழைய மிக்ஸில் டிரம்ஸ் கொஞ்சம் தட்டையாகக் கேட்கும். 2011-இல் புதிதாக மிக்ஸ் செய்து மறுபடி வெளியிட்டார்கள், டிரம்ஸுக்காக மட்டும் வாங்குகிறவர் அதையே எடுக்கலாம். ரைனர்ட் 2020 ஜனவரியில் இறந்துபோனார், வயது 48தான்.

அடுத்து 1993-இலும் 1995-இலும் ஜீன் ஹோக்லன். இவருக்கு அணுக்கடிகாரம் என்று பட்டப்பெயர், காரணம் சொல்லத் தேவையில்லை. இளவயதில் ஸ்லேயர் குழுவுக்கு மேடை விளக்கு போட்டுக்கொண்டிருந்தவர், பிறகு டார்க் ஏஞ்சலின் 1986 ஆல்பமான ‘டார்க்னஸ் டிசெண்ட்ஸ்’ இவரைப் பெரிய ஆளாக்கியது. ‘சிம்பாலிக்’ 1995-இல் வந்தது, என்னைப் பொறுத்தவரை மெட்டலில் சிம்பல் வாசிப்புக்கு இதுதான் அளவுகோல். ரைடு சிம்பலின் நடுக்குமிழை எப்போது தொடுகிறார், எப்போது விடுகிறார், சின்ன ஸ்பிளாஷ் சிம்பலை ஒரு வரியில் எங்கே ஒரே ஒருமுறை தட்டுகிறார் என்று மட்டும் கவனித்து ஒரு தடவை கேளுங்கள், பாட்டின் இலக்கணமே தெரியும். பெரிய உருவம், பெரிய கைகள், ஆனால் வேலை நகாசு வேலை. 1998-இன் ‘தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்’ ரிச்சர்ட் கிறிஸ்டி வாசித்தது, அவர் ஒரு இடத்தையும் சும்மா விடுவதில்லை, எனக்கு அது கொஞ்சம் அதிகம். ரைனர்ட் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், ஆனால் ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் ‘சிம்பாலிக்’தான்.

டெத் மெட்டல் என்றதும் டிரிகர் பற்றி ஒரு பஞ்சாயத்து கட்டாயம் வரும். நிமிடத்துக்கு 240 துடிப்பு டெம்போவில் துடிப்புக்கு நாலு அடி என்றால் நொடிக்கு 16 அடி. அந்த வேகத்தில் கிக் டிரம்மின் ஆழமான ஒலி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது, கேட்பது வெறும் உறுமல். காலும் அந்த வேகத்தில் பலமாக மிதிக்க முடியாது, அடிகள் மெலிந்துவிடும். அதனால் டிரம்மின் தோலில் அதிர்வை உணரும் ஒரு சின்ன சென்சாரைப் பொருத்தி, ஒவ்வொரு மிதிக்கும் ஏற்கெனவே பதிவு செய்த ஒரு கூர்மையான ஓசையை எழுப்புகிறார்கள். ஏமாற்று என்று கத்துகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள், டிரிகர் சத்தத்தைச் சமப்படுத்துமே தவிர நேரத்தைச் சமப்படுத்தாது. பிசகி மிதித்தால் அந்தப் பிசகு இன்னும் தெளிவாகக் கேட்கும். என் குறை வேறு: எல்லா அடியும் ஒரே சத்தத்தில் வரும்போது காலின் குணம் போய்விடுகிறது, யார் வாசித்தாலும் ஒரே தட்டச்சுதான். கிரேக்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கொலியாஸ் நைல் குழுவோடு 2005-இல் வாசித்த ‘அனைஹிலேஷன் ஆஃப் தி விக்கெட்’ வேகத்தில் அசுரத்தனம், கையும் காலும் சேர்ந்து செய்யும் ஃபில்கள் அபாரம், ஆனால் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்க என்னால் முடியாது. வேகம் வேண்டும் ஆனால் ஆளும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு மார்பிட் ஏஞ்சலின் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’, 1989, பீட் சாண்டோவல். பிளாஸ்ட் பீட் என்ற அந்தப் பேய் அடி, அதாவது ஸ்னேர் (அடியில் கம்பிகள் உள்ள, கூர்மையாக ஒலிக்கும் டிரம்), கிக், சிம்பல் எல்லாம் அதிவேகத்தில் மாறி மாறியோ ஒன்றாகவோ விழுவது, அங்கே இன்னும் வியர்வையோடு கேட்கிறது.

மெஷுகாவுக்கு வருவோம், ‘ஆப்ஸென்’, 2008. இந்த ஆல்பத்தில் ‘பிளீட்’ என்ற ஒரு பாட்டுக்காகவே தோமஸ் ஹாக்கை டிரம்மர்கள் கும்பிடுகிறார்கள். வெளியில் கேட்பவருக்கு ஒரு ராட்சச யந்திரம் ஓடுவது போலத் தோன்றும், உள்ளே நடப்பது இது. கைகள் நேரான நாலு எண்ணிக்கையில், சிம்பலும் ஸ்னேரும் நிதானமாக, தலையாட்டிக் கேட்கும் வேகத்தில். கால்களில் இரண்டு குறுகிய அடி, அடுத்து இரண்டு முழு அடி, சொல்கட்டில் சொன்னால் ‘தக தா தா’, ‘தக’ இரண்டும் சேர்ந்து ஒரு ‘தா’வின் நேரம். ஆக மொத்தம் மூன்று. இந்த மூன்றை நாலின் மேல் ஓட்டுகிறார். ஒவ்வொரு முறையும் கால் புது இடத்தில் ஆரம்பிக்கிறது, விடாமல் ஓட்டினால் மூன்று ஆவர்த்தனம் போனால்தான் காலும் கையும் மறுபடி ஒரே இடத்தில் தொடங்கும், பல இடங்களில் அதற்கு முன்பே வெட்டிவிட்டு முதலிலிருந்து எடுக்கிறார்கள். திஸ்ரம், சதுஸ்ரம் கேட்டுப் பழகிய காதுக்குக் கணக்கு புரிந்துவிடும். புரிந்த பிறகும், ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டில் பெரும்பகுதி இதைக் கால்களால் செய்துகொண்டே மேலே கைகளை அமைதியாக வைத்திருப்பது எப்படி என்பது எனக்குப் புரியவில்லை, உடம்பு இரண்டாகப் பிரிந்திருந்தால்தான் முடியும். இங்கே முக்கியமானது கால் இல்லை, கை. கை மட்டும் அந்த நாலை அசையாமல் பிடித்திருக்காவிட்டால் கால் செய்வது நமக்கு வெறும் இரைச்சல்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ‘ஆப்ஸென்’ ஒலிப்பதிவு சுத்தம், கொஞ்சம் அதிகச் சுத்தம். இதற்கு முந்தைய 2005 ஆல்பமான ‘கேட்ச் தர்ட்டிதிரீ’யில் டிரம்ஸ் முழுவதும் கணினியில் எழுதியது, ஹாக் வாசிக்கவே இல்லை, தெரியாமல் கேட்டால் பலருக்கு வித்தியாசம் பிடிபடாது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. வாங்கலாம், ஆனால் ஹாக் மேடையில் வாசிக்கும் பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டூல் குழுவின் டேனி கேரி இதற்கு நேர் எதிர். சிலர் டூலை மெட்டலிலேயே சேர்ப்பதில்லை, சரி, அந்த வழக்கு இருக்கட்டும். 2001-இன் ‘லேட்டரலஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் முக்கிய ரிஃப் 9, 8, 7 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து போகும், 987 ஃபிபனாச்சி வரிசையில் (முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) வரும் எண். இந்தத் தகவலைச் சொல்லிச் சொல்லியே ரசிகர்கள் மற்றவர்களை விரட்டிவிட்டார்கள். எண்ணிக்கை தெரியாமலே அந்தப் பாட்டுக்குத் தலையாட்ட முடிகிறது என்பதுதான் கேரியின் வேலை. எங்கே தட்டினால் கேட்பவன் விழமாட்டான் என்று அவருக்குத் தெரிகிறது. அலோக் தத்தாவிடம் தபலா கற்றவர், அது டாம் டிரம்களில் தெரியும்: டாம்களை ஃபில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் அதிலேயே முழு வரியும் வாசிப்பார், ஒவ்வொரு டாமும் தனிச் சுருதியில் இருப்பதால் பின்னால் ஒரு மெட்டு ஓடும். 2019-இன் ‘ஃபியர் இனாகுலம்’ ஆல்பத்தில் ‘நியூமா’ பாட்டுக்கு அவர் வாசிக்கும் வீடியோவை டிரம் கேமரா கோணத்தில் பார்க்கலாம், அந்தப் பெரிய மனிதர் அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒலிப்பதிவுத் தரத்துக்கு மட்டும் பரிசு கொடுக்கச் சொன்னால் ‘லேட்டரலஸ்’க்கே கொடுப்பேன், டிரம் தோலின் ஈரம்கூடக் கேட்கிறது.

பிரேசிலின் செபுல்துரா, இகோர் கவலேரா. 1991-இன் ‘அரைஸ்’ வரை அவர் அருமையான திராஷ் டிரம்மர், அவ்வளவுதான், அதே ரகத்தில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். 1993-இன் ‘கேயாஸ் ஏ.டி.’யில் வேகத்தைக் குறைத்தார், அப்போதுதான் அவர் யார் என்று தெரிந்தது. ஆல்பம் பிறக்காத ஒரு குழந்தையின் இதயத் துடிப்போடு ஆரம்பிக்கிறது, பாடகர் மேக்ஸ் கவலேராவின் மகனுடையது, அதிலிருந்து இகோரின் டாம்கள் ‘ரெஃப்யூஸ்/ரெசிஸ்ட்’ பாட்டுக்குள் இறங்குகின்றன. சம்பா ஊர்வலங்களின் பெரிய முரசு உணர்வு அதில் உண்டு. 1996-இன் ‘ரூட்ஸ்’ ஆல்பத்தில் ஷவாந்தே பழங்குடி மக்களோடு பதிவு செய்தார்கள், ‘ரட்டமஹட்டா’ பாட்டில் கார்லின்யோஸ் பிரவுன் தாளக் கருவிகளோடு சேர்ந்துகொண்டார். இரண்டில் எது என்றால் ‘கேயாஸ் ஏ.டி.’. ‘ரூட்ஸ்’ நீளம், நடுவில் தொய்வு.

மாஸ்டடானின் பிரான் டெய்லர், ‘லெவியாதன்’, 2004. இவருக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதும் ஃபில், கிட்டார் சோலோ போகும்போதும் ஃபில், ஃபில்லுக்கு நடுவில் ஒரு ஃபில். வேறு யார் செய்தாலும் எரிச்சல் வரும். இங்கே வரவில்லை, காரணம் ரிஃப்கள் அந்த ஃபில்களுக்கு இடம் விட்டே எழுதப்பட்டவை. உங்களுக்கு ஒருவேளை எரிச்சல் வரலாம், முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோஜிராவின் மாரியோ டுப்லான்டியேயை விட்டால் பாவம் சேரும். 2005-இன் ‘ஃப்ரம் மார்ஸ் டு சிரியஸ்’ எடுங்கள், ‘ஃப்ளையிங் வேல்ஸ்’ பாட்டில் ரிஃப் விழும் இடத்தில் அவருடைய கிக்கும் கிட்டாரும் ஒரே கருவி. இவர்கள் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வாசித்ததை மெட்டல் பக்கமே வராதவர்களும் பார்த்திருப்பீர்கள்.

ஸ்லிப்நாட்டின் ஜோயி ஜோர்டிசன் பற்றிப் பேசினால் எல்லாரும் முதலில் சொல்வது, டிரம் கிட்டோடு சேர்த்து அவரைச் செங்குத்தாகத் தூக்கிச் சுழற்றிய அந்த சோலோவைத்தான். வேடிக்கைக்கு நல்லது. டிரம்ஸ் கேட்க வேண்டுமென்றால் 2001-இன் ‘ஐயோவா’. ஒன்பது பேர் ஒரே நேரத்தில் இரைச்சல் போடும் ஒரு குழுவில், அதிலும் இரண்டு பேர் கூடுதல் தாளக்காரர்கள், இத்தனைக்கும் நடுவில் பாட்டு எங்கே இருக்கிறது என்று அடையாளம் காட்டுவது அவருடைய ஸ்னேர் ஒன்றுதான். முதுகுத்தண்டு அழற்சி நோய் கால்களைப் பறிக்கப் பார்த்தது, 2021 ஜூலையில் 46 வயதில் இறந்தார். இப்போது அந்த இடத்தில் இருப்பவர் எலோய் கசக்ராந்தே, 2024-இல் செபுல்துராவிலிருந்து வந்தவர், அதாவது இகோர் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து ஜோயியின் ஸ்டூலுக்கு. ஆள் பலசாலி, ஒவ்வொரு அடியும் டிரம்மைத் தரையில் அறைவது போல. ஜோயியின் பாட்டுகளை ஜோயியின் மாதிரியே வாசிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார், அவருக்கென்று ஒரு முழு ஸ்லிப்நாட் ஆல்பம் வந்த பிறகு பேசலாம்.

இவற்றையெல்லாம் எதில் கேட்பது என்பதும் விமர்சனத்தில் சேர்ந்ததுதான். கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் கிக் டிரம்மின் அடிப்பகுதி ஒலியைத் தர முடியாது, சுத்தியல் தோலைத் தொடும் ‘டிக்’ மட்டும் வரும், அப்புறம் டிரிகர் எது, நிஜம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் போதும். இன்னொன்று, பழைய ஆல்பங்களின் ‘ரீமாஸ்டர்’ பதிப்புகளில் சிலவற்றில் மொத்தச் சத்தத்தையும் கூரை வரை ஏற்றிவிட்டிருக்கிறார்கள், மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் இருந்த இடைவெளி போய்விடுகிறது. டிரம்ஸுக்கு அது விஷம். முடிந்தால் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மைக் போர்ட்னாய் எங்கே என்று கேட்பீர்கள். டிரீம் தியேட்டரை விட்டு 2010-இல் போனார், மைக் மாஞ்சினி வந்தார், 2023-இல் போர்ட்னாய் திரும்பி வந்தார். கணக்குப் பார்த்தால் மாஞ்சினிதான் அதிகம் செய்யக்கூடியவர், ஆனால் அந்தக் குழு பதின்மூன்று வருடம் பாடம் ஒப்பிப்பது போலவே இருந்தது. 2025-இன் ‘பாராசோம்னியா’வில் பழைய உரையாடல் திரும்பியிருக்கிறது. அதற்குமேல் இவரைப் பற்றி எனக்கு உற்சாகம் இல்லை, மன்னிக்கவும்.

கடைசியாக மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிக், ஏனென்றால் அவரைத் திட்டாமல் மெட்டல் டிரம்ஸ் பேச்சு முடிவதில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன்: 2003-இன் ‘செயின்ட் ஆங்கர்’. ஸ்னேரின் அடியில் இருக்கும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு முழு ஆல்பமும் வாசித்திருக்கிறார், காலி தகர டின்னை ஒன்றேகால் மணி நேரம் தட்டுவது போல இருக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். 1988-இன் ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ வேறு கதை, பேஸ் கிட்டாரைக் கிட்டத்தட்ட காணாமல் அடித்துவிட்ட அந்த வறண்ட மிக்ஸில் டிரம்ஸ் மட்டும் எலும்புக்கூடு போலத் தெரிகிறது, அதனாலேயே ‘ஒன்’ பாட்டின் பிற்பாதியில் கால்கள் கிட்டாரோடு சேர்ந்து சுடும் இடம் இத்தனை வருடம் கழித்தும் நிற்கிறது. கை சுத்தமில்லை, டெம்போ நடுங்கும், மேடையில் இன்னும் மோசம், எல்லாம் உண்மை. ஆனால் ரிஃப் எங்கே திரும்ப வேண்டும், எங்கே ஒரு அடியை விழுங்க வேண்டும் என்று பாட்டைக் கட்டியவர்களில் அவர் ஒருவர். 2004 ஜூனில் டவுன்லோட் விழாவுக்கு அவரால் வர முடியாமல் போனபோது மெட்டாலிகாவுக்காக ‘பேட்டரி’யை லொம்பார்டோ வாசித்தார், இன்னும் பல பாட்டுகளை ஜோர்டிசன் வாசித்தார். இருவருமே லார்ஸை விடப் பல மடங்கு கெட்டிக்காரர்கள். இணையத்தில் அந்தப் பதிவு கிடைக்கும், ‘பேட்டரி’யை எடுத்துக் கேளுங்கள்: பிரமாதமாக இருக்கிறது, ஒரு அடி பிசகவில்லை, கேட்கக் கேட்க அது ஸ்லேயர் பாட்டாக மாறிக்கொண்டே போகிறது.